எதிர்க்கடையில் திறக்கிறது

“அது எதிர்க்கடையில திறக்குது, நானா.”

பேசாலை மதுஷன் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கப்பல் வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவம் ஒன்றை இணையத்தில் திறந்து பிறின்ட் எடுக்க வந்தவன், பக்கீர் கொமினிகேஷனின் பிளாஸ்டிக் கதிரையில், அது திறக்குமென்று நெடுநேரம் பொறுமையாக இருந்துவிட்டு, எழும்பும்போது ஒரு தகவலாகத்தான் சொன்னான். தலைமன்னார் பஸ் வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னான். ஆனால், ஊர் இளசுகள் அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைக்கும் கடை முதலாளி பக்கீர் அவர்களுக்கு அது ஒரா மீனின் முள் தொண்டையில் குறுக்கே நின்றதுபோல் இருந்தது.

“அங்க திறந்தா அங்க போ. ஆனா அங்க திறக்கிறது உண்மையானது எண்டு யார் கண்டது? அதெல்லாம் கொப்பி.”

“பிறின்ட் எண்டாலே கொப்பிதானே, நானா?”

“வயசுக்கு மூத்தவனோட வாதாடாத. போ.”

மதுஷன் றோட்டைக் கடந்தான். கண்ணாடிக் கதவொன்று திறந்து அவனை விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் கையில் வெள்ளைத் தாளோடும், முகத்தில் ஏசிக் குளிர்ச்சியோடும் வெளியே வந்தான். பக்கீர் அவர்கள் அதைப் பார்க்கவில்லை. போட்டோகொப்பி மெஷினின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூடி சுத்தமாகத்தான் இருந்தது. அதன் மேற்பரப்பில் எதிர்க்கடை தெளிவாகத் தெரியும்.

பக்கீர் அவர்களின் வரலாற்றை இவ்விடத்தில் பதிவுசெய்வது அவசியமாகிறது. எருக்கலம்பிட்டியில் பிறந்து, யுத்தத்தில் ஊரே விரட்டப்பட்டுக் கிளம்பிய நாளில் ஊரோடு கிளம்பி, புத்தளத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் தொழில் பழகி, தாடி நரைக்கத் தொடங்கிய பருவத்தில் ஊர் திரும்பியவர் அவர். திரும்பியவர்களில் சிலர் வலை கொண்டுவந்தார்கள். சிலர் கூரைத் தகரம் கொண்டுவந்தார்கள். பக்கீர் அவர்கள், மீனுக்கு ஐஸ் போடும் றெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, ஒரு கொம்பியூட்டர் கொண்டுவந்தார். பெட்டியின் வாசம் கொம்பியூட்டரை விட்டுப் போக நாளெடுத்தது. சூடேறினால் இன்றைக்கும் லேசாகச் சூடை மீன் மணக்கும் என்பார்கள்.

அந்தக் காலத்தில் சந்தியில் இணையம் என்றால் பக்கீர் அவர்கள்தான். அரசாங்கம் கொழும்பில் இருந்தது. மக்கள் எருக்கலம்பிட்டியில் இருந்தார்கள். நடுவில் பக்கீர் அவர்கள் இருந்தார். பரீட்சை முடிவு வரும் நாளில் பெற்றோரும் பிள்ளைகளும் வாசல்வரை நிற்பார்கள். அவர் முடிவைத் திறப்பார், பார்ப்பார், உடனே சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் துடைப்பார். மறுபடி போடுவார். அந்தச் சிறு இடைவெளியில் பல குடும்பங்கள் அவருக்காக மூச்சுப் பிடித்து நின்றன. ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் இதைவிட என்ன வேண்டும்?

பிறகு இன்ஸாப் வந்தான்.

இன்ஸாப் யாரோ எவனோ அல்லன். பக்கீர் அவர்களின் மனைவி உம்மு ஸல்மாவின் கூடப்பிறந்த தம்பி. கத்தாரில் வேலைசெய்துவிட்டு வந்தவன், உலகில் எத்தனையோ சந்திகள் இருக்க, மச்சானின் கடைக்கு நேரெதிரே கடை எடுத்தான். ‘இன்ஸாப் டிஜிட்டல்’ என்று இரவிலும் எரிகிற போர்டு. சுழல் கதிரைகள். ஏசி. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில், மேசைமேல் கண்ணாடித் தொட்டி வைத்து அதற்குள் மீன் வேறு வளர்த்தான். ஊர் ஆட்கள் மீன் பார்க்கவே அந்தக் கடைக்குப் போனார்கள், தினமும் மீனோடு மாரடிக்கிறவர்கள் உட்பட.

பக்கீர் அவர்கள் பொறாமைப்பட்டார் என்று எழுதினால் அது அபாண்டம். அவர் கவனித்தார், அவ்வளவுதான். யார் எதிர்க்கடைக்குள் போகிறார், எந்த முகத்தோடு வெளியே வருகிறார், கையிலிருக்கும் தாள் கலரா கறுப்பா, இன்ஸாப் வாசல்வரை வந்து வழியனுப்பினானா என்பதையெல்லாம் ஒரு பொறுப்புள்ள பிரஜையாகக் கவனித்தார். பகலில் உம்மு ஸல்மா இரண்டு சோற்றுப் பார்சல் கட்டுவார்; ஒன்று கணவருக்கு, மற்றது தம்பிக்கு. இரண்டும் முதலில் பக்கீர் அவர்களின் மேசைக்குத்தான் வரும். அவர் ஒவ்வொரு கையிலும் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, நிறுப்பார்.

“அவன்ட பார்சல் பாரமா இருக்கு.”

“ஒரே சட்டியில எடுத்து, ஒரே அகப்பையால போட்டது.”

“முட்டை?”

“ரெண்டிலயும் இருக்கு. வேணுமெண்டா பிரிச்சுப் பாருங்கோ.”

அவர் பிரித்தும் பார்த்திருக்கிறார். முட்டைகள் சமமாகவே இருந்தன. ஆனால் இன்ஸாப்பின் முட்டை கொஞ்சம் பெரிய கோழியிட்டது என்ற சந்தேகம் அவரை விட்டு நீங்கவில்லை.

எதிர்க்கடைக்குத் திறப்புவிழா பேனர் கட்டிய அன்று, விழாவுக்கு முந்திய நாள், பக்கீர் அவர்கள் ஒரு சரித்திர நடவடிக்கை எடுத்தார். இணையத்திலிருந்து ஒரு புகைப்பட மென்பொருளை இறக்கினார். அது மனிதனின் தலையை அப்படியே வைத்துக்கொண்டு, கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் போட்டுவிடும். சாரம் கட்டி, பனியனோடு வந்து நிற்கிறவன், பிறின்டரிலிருந்து வெளியே வரும்போது வங்கி முகாமையாளராக வருவான். மன்னார்த் தீவு முழுக்கச் செய்தி பரவியது. வெளிநாட்டு வேலைக்கு, அடையாள அட்டைக்கு, மாப்பிள்ளை பார்க்கும் பயோடேட்டாவுக்கு என்று ஆட்கள் வந்தார்கள். கழுத்துவரை கடல் வெயிலில் கறுத்து, கழுத்துக்குக் கீழே லண்டன் குளிருக்கு உடுத்த ஆண்கள், எருக்கலம்பிட்டியிலும் பேசாலையிலும் பல அலுமாரிகளுக்குள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரேயொரு சிக்கல். அந்த மென்பொருளை ஒரு மாதம் மட்டுமே சும்மா பாவிக்கலாம். பிறகு விலைகொடுத்து வாங்கவேண்டும். இல்லாவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். பக்கீர் அவர்கள் யோசித்தார். மாதம் முடிந்தால்தானே பூட்டும்? மாதம் முடியாவிட்டால்? ஆகவே ஒவ்வொரு காலையும் கடையைத் திறந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, கொம்பியூட்டரை எழுப்பி, திரையின் கீழ்மூலையில் இருக்கும் திகதியைத் தட்டி, மென்பொருளை இறக்கிய அந்த நாளுக்கே திருப்பிவைத்தார். மென்பொருள் தான் இன்றைக்குத்தான் வந்த விருந்தாளி என்று எண்ணி ஒவ்வொரு நாளும் உற்சாகமாக வேலைசெய்தது. வெளியே நோன்பு வந்தது, பெருநாள் வந்தது, கச்சான் காற்று அடித்து ஓய்ந்தது. கடைக்குள்ளே அந்த ஒரே நாள் போகாமல் நின்றது. வாழ்க்கை சிறப்பாக நடந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் பைல்கள் திறக்க மறுக்கத் தொடங்கின.

முதலில் ஒரு அரசாங்க வர்த்தமானி திறக்கவில்லை. பிறகு ஒரு பல்கலைக்கழகப் படிவம். பிறகு கடவுச்சீட்டுப் படிவம். எந்த இணைப்பைத் தட்டினாலும் பிறவுசரில் சாம்பல் நிறப் பக்கமொன்று வந்து நின்றது. நடுவில் சிவப்பாக ஒரு மணிக்கூட்டுப் படம். அதன் கீழே நாலைந்து வரி ஆங்கிலம். கொம்பியூட்டர் தானாக எழுதும் ஆங்கிலத்தை வாசிப்பதில்லை என்பது பக்கீர் அவர்களின் நீண்டகாலக் கொள்கை. அப்படியான பெட்டி எது வந்தாலும் மூலையிலுள்ள பெருக்கல் அடையாளத்தை அழுத்தி அனுப்பிவிடுவார். மணிக்கூட்டுக்கு மட்டும் அவர் மரியாதை கொடுத்தார். பழைய கொம்பியூட்டர்களில் மணல் கடிகாரம் காட்டினால் பொறு என்று அர்த்தம். மணல் போய் மணிக்கூடு வந்திருக்கிறது, நாகரிகம்.

“பொறுங்கோ,” என்பார் வாடிக்கையாளரிடம். “மணிக்கூடு காட்டுது. உள்ள வேலை நடக்குது.”

வாடிக்கையாளர் பொறுப்பார். பக்கீர் அவர்களும் பொறுப்பார். மணிக்கூடு எல்லோரையும்விடப் பொறுமையாக இருந்தது.

அவர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்லமுடியாது. கொம்பியூட்டரை நிறுத்தி எழுப்பினார். பிறவுசரின் பழைய ஞாபகங்களையெல்லாம் அழித்தார். பிறவுசரையே அழித்துப் புதிதாகப் போட்டார். பைலைத் திறக்காதே, இறக்கு என்று செட்டிங்கை மாற்றினார், இறங்கவும் இல்லை. திரும்பவும் மாற்றினார். பெட்டியைக் கழற்றி உப்புக்காற்றில் பிடித்த துருவை ஊதினார். கடைசியில், இவ்வளவு செய்தும் திறக்காததற்கும், எதிர்க்கடையில் எல்லாம் திறப்பதற்கும் தொடர்பிருக்க வேண்டும் என்ற விஞ்ஞான முடிவுக்கு வந்தார். இன்ஸாப்பின் புதிய றவுட்டர் பெரியது. கொம்பு நிறைய உடையது. அது சந்தியின் சிக்னல் முழுவதையும் தன் பக்கம் உறிஞ்சுகிறது. உடனே தம்முடைய றவுட்டரை அலுமாரியின்மேல் ஏற்றி, எதிர்க்கடை இருக்கும் திசையில் பிஸ்கட் தகரத்தின் மூடியொன்றை மறைப்பாக நிறுத்தினார். இணையக் கொம்பனிக்கும் கோல் எடுத்தார்.

“உங்கட லைன் சரியாத்தான் இருக்கு, ஐயா,” என்றாள் மறுமுனைப் பெண்.

“என்ட லைன் சரியா இருக்கிறது எனக்குத் தெரியும், மகள். எதிர்ப்பக்கம் ஏன் இன்னும் கூடச் சரியா இருக்கு எண்டுதான் கேக்கிறன்.”

அந்தப் பெண் கோலை வைத்துவிட்டாள். பக்கீர் அவர்களின் சந்தேகம் உறுதியானது.

இப்படியிருக்க, கணவனும் மனைவியும் மக்காவுக்கு உம்ரா செய்யப் போக நாள் கூடிவந்தது. மன்னார் டவுனில் பயண ஏஜென்சி வைத்திருக்கும் முனவ்வர் ஹாஜியாரின் குறூப்பில் இருவரும் பெயர் கொடுத்திருந்தார்கள். உம்மு ஸல்மா பயணத்துக்கென்று தமக்கு வெள்ளை உடுப்புத் தைத்தார். கலண்டரில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வந்தார். பக்கீர் அவர்கள் வழக்கப்படி ஊரில் மாப்புக் கேட்கப் புறப்பட்டார். புனிதப் பயணம் போகிறவர், தான் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி வீடு வீடாகக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். பக்கீர் அவர்கள் இதைச் சிறப்பாகச் செய்தார். படகுகள் வைத்திருக்கும் சம்மாட்டியிடம் கேட்டார். ஐஸ் வண்டிக்காரனிடம் கேட்டார். பேசாலைக்குப் போய் மதுஷனிடம்கூடக் கேட்டார். அவன் பயந்துபோய் “நானும் உங்களிட்ட கேக்கிறன், நானா” என்றான். போன இடமெல்லாம் இஞ்சிப் பிளேன்டீயும் கண்ணீரும் கிடைத்தன.

“எல்லாரிட்டயும் கேட்டாச்சு,” என்றார் வீட்டுக்கு வந்து.

“ஒராள் மிச்சம்,” என்றார் உம்மு ஸல்மா.

“யார்?”

“உங்களுக்குத் தெரியும்.”

“அவன் என்னிலும் இளையவன். இளைய ஆக்கள்ட கேக்கத் தேவையில்ல.”

“மார்க்கத்தில அது எந்தப் பக்கத்தில இருக்கு? அவனிட்டக் கேக்காமப் போனா நான் உங்களோட பிளேன் ஏறமாட்டன். சொல்லிப்போட்டன்.”

“நான் என்ன செஞ்சன் அவனுக்கு? ஒரு சொல்லுச் சொல்லியிருப்பனா? சும்மா பாத்துக்கொண்டுதானே இருந்தன்?”

“அந்தப் பாத்ததுக்குத்தான் மாப்பு.”

முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆவிலும் மௌலவி ஹசதைப் பற்றித்தான் பயான் செய்தார். அடுத்தவனுக்குக் கிடைத்ததைப் பார்த்து உள்ளம் எரிவது எவ்வளவு பெரிய கேடு என்று உருக்கமாக விளக்கினார். பக்கீர் அவர்கள் பயான் முழுவதும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார், இன்ஸாப் ஒழுங்காகக் கேட்கிறானா என்று.

வியாழக்கிழமை காலை முனவ்வர் ஹாஜியாரின் கோல் வந்தது.

“விசா வந்திட்டுது. பைலுக்கு லிங் அனுப்பியிருக்கன், ஸல்மாட போனுக்கும் உங்கட ஈமெயிலுக்கும். ரெண்டு பேற்றயும் பிறின்ட் எடுத்து நாளைக்கு ஜும்ஆவுக்கு முந்தி கந்தோருக்குக் கொண்டுவாங்கோ. என்ட பிறின்டர் பழுது. பேப்பர் வராட்டி உங்கட பேரை அடுத்த குறூப்புக்குத்தான் தள்ளவேணும், கோவிக்கக்கூடாது. உங்களுக்கென்ன, சொந்தக் கடை!”

“எனக்கென்ன!” என்றார் பக்கீர் அவர்கள்.

லிங்கைத் தட்டினார். சாம்பல் நிறப் பக்கம். சிவப்பு மணிக்கூடு. பொறுத்தார். லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள்; தொழுதுவிட்டு வந்து பார்த்தார். மணிக்கூடு அப்படியே இருந்தது. பிஸ்கட் மூடியை இன்னொரு மூடியால் பலப்படுத்தினார். மக்காவுக்கும் தமக்கும் இடையில் இன்ஸாப்பின் றவுட்டர் நிற்பதை அவர் உள்ளத்தால் கண்டார்.

உம்மு ஸல்மா பார்சல்களோடு வந்தபோது, பக்கீர் அவர்கள் அவற்றை நிறுக்கவில்லை. விஷயம் பாரதூரமானது என்று உம்மு ஸல்மாவுக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

“திறக்கல்லையா?”

“உள்ள வேலை நடக்குது.”

“தம்பிட கடையில ஒரு நிமிசத்தில எடுத்துத் தருவான். நான் போயிட்டு வாறன்.”

“என்ட உம்ராவை அவன்ட மெஷினால பிறின்ட் எடுக்கிறதா? அந்த விசாவோட போனா நான் இஹ்ராம் கட்டக்குள்ளயும் அவன்ட மூஞ்சிதான் தெரியும்.”

“அப்ப இந்தாங்கோ, என்ட போன்ல திறக்குது. வயர் குத்தி உங்கட கொம்பியூட்டருக்கு எடுங்கோ.”

பக்கீர் அவர்கள் போனைப் பார்த்தார். நல்ல போன். பளபளப்பான போன். இன்ஸாப் கத்தாரிலிருந்து ராத்தாவுக்கென்று கொண்டுவந்து கொடுத்த போன்.

“அதை என்ட கொம்பியூட்டர்ல குத்த ஏலாது.”

“ஏன், வயர் பொருந்தாதா?”

“வயர் பொருந்தும். எனக்குத்தான் பொருந்தாது.”

உம்மு ஸல்மா பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் அமர்ந்தார். சண்டை பிடிக்கவில்லை. திரையைப் பார்த்தார்.

“இந்த மணிக்கூடு என்னத்துக்கு?”

“பொறுக்கச் சொல்லுது.”

“எவ்வளவு நாளாப் பொறுக்கச் சொல்லுது?”

உம்மு ஸல்மாவின் பார்வை மணிக்கூட்டிலிருந்து கீழே இறங்கி, திரையின் மூலையில் போய் நின்றது. கலண்டரில் நாள் வெட்டி வெட்டித் திகதியிலேயே கண்வைத்திருந்தவர் அவர். முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

“இதென்ன திகதி?”

“அது... சும்மா ஒரு திகதி.”

“சும்மா திகதியா? எனக்குத் தெரியும் இந்த நாள். நான் விடியவிடிய இருந்து வட்டிலப்பம் அவிச்ச நாள். அடுத்த நாள்தானே தம்பிட கடைத் திறப்பு?” உம்மு ஸல்மா கணவரின் பக்கம் மெல்லத் திரும்பினார். “அல்லாஹ்வே. உங்கட கொம்பியூட்டர்ல என்ட தம்பி இன்னும் கடை திறக்கவே இல்ல!”

பக்கீர் அவர்கள் கோட் மென்பொருளைப் பற்றியும் ஒரு மாதத் தவணையைப் பற்றியும் விளக்கினார். அந்த நாளைத் தெரிவுசெய்ததில் வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை என்றும், அது தற்செயல் என்றும் சொன்னார். யாரும் கேட்காமலே இதை மூன்று தடவை சொன்னார்.

“அது களவுதானே?”

“களவில்ல. தவணையை ஒத்திவைக்கிறது.”

“அப்ப அந்தக் கொம்பனிக்காரனிட்டயும் மாப்புக் கேளுங்கோ, வீட்டு விலாசம் இருந்தா. இப்ப இதைச் சொல்லுங்கோ. விசா இந்தக் கிழமை வந்தது. உங்கட மெஷின் நிக்கிறது எப்பவோ ஒரு நாளில. அதுக்கு இந்த விசா இன்னும் பிறக்காத புள்ள. பிறக்காத புள்ளையத் தூக்கித் தா எண்டா அது எப்பிடித் தரும்? அந்த இங்கிலீசை ஒருக்கா வாசியுங்கோ.”

பக்கீர் அவர்கள் தம் கொள்கையை முதன்முறையாக மீறினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். உங்கள் மணிக்கூடு பின்னுக்கு நிற்கிறது, திகதியைச் சரிசெய்யுங்கள், அதுவரை இந்தப் பக்கத்தை நம்பித் திறக்கமுடியாது. இவ்வளவுதான் எழுதியிருந்தது. இத்தனை மாதமும், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கு முன்னாலும், சிவப்பு எழுத்தில், படம் போட்டு, இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

திகதியைத் திருத்த ஒரு தட்டுப் போதும். ஆனால் பக்கீர் அவர்களின் விரல் மவுஸின்மேல் நின்றது. திருத்தினால் கோட் போய்விடும். எதிர்க்கடையில் ஏசி இருக்கிறது, மீன் இருக்கிறது, சுழல் கதிரை இருக்கிறது. கோட் மட்டும் இல்லை. கோட் ஒன்றுதான் இந்தப் பக்கம் இருப்பது.

“கோட்டா, மக்காவா?” என்றார் உம்மு ஸல்மா.

இவ்வளவு வெளிப்படையாகக் கேட்டால் ஒரு முஸ்லிம் என்ன சொல்லமுடியும்? பக்கீர் அவர்கள் தட்டினார். மூலையிலிருந்த திகதி ஒரே பாய்ச்சலில் இன்றைக்கு வந்து விழுந்தது. லிங்கைத் தட்டியதும், மணிக்கூடும் இல்லை, சாம்பலும் இல்லை. இரண்டு விசாக்கள், அரபு எழுத்தும் முத்திரையுமாக, பிறவுசருக்குள்ளேயே விரிந்து நின்றன. ஒன்றில் உம்மு ஸல்மா. மற்றதில் கருநீலக் கோட்டும் சிவப்பு டையும் அணிந்த பக்கீர் அவர்கள்.

“உம்ராவுக்குக் கோட்டா?”

“விசா ஒப்பிசர் பாப்பாரெல்லோ.”

அதன் பிறகு அவரைப் பிடிக்கமுடியவில்லை. வர்த்தமானியைத் திறந்தார். பல்கலைக்கழகப் படிவத்தைத் திறந்தார். கடவுச்சீட்டுப் படிவத்தை மூன்று மொழியிலும் திறந்தார். யாரும் கேட்காத படிவங்களையெல்லாம் திறந்து திறந்து பார்த்தார். கடைசியாகத்தான், பயந்து பயந்து, கோட் மென்பொருளைத் தட்டினார். ஒரு பெட்டி வந்தது. இம்முறை வாசித்தார். தவணை முடிந்துவிட்டது, வாங்குங்கள் என்றது.

“இனிப் பழைய திகதி போடமாட்டீங்கதானே?” என்றார் உம்மு ஸல்மா, பிறின்ட்களை மடியாமல் எடுத்து வைத்துக்கொண்டு.

“இன்ஷா அல்லாஹ்,” என்றார் பக்கீர் அவர்கள்.

விசாக்கள் வீட்டு அலுமாரிக்குப் போயின. பக்கீர் அவர்கள் தம் விசாவில் மட்டும் இன்னொரு பிரதி எடுத்தார், கலரில். அதைக் கையில் பிடித்துக்கொண்டு றோட்டின் ஓரத்தில் வந்து நின்றார். நடு றோட்டில் கழுதையொன்று நின்றது. அது போகட்டும் என்று காத்திருந்தார். கழுதை எங்கும் போகிற உத்தேசத்தில் இல்லை. சந்திக் கடை ஆட்கள் பார்க்கத் தொடங்கியதால், வேறு வழியின்றி, கழுதையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தார். கண்ணாடிக் கதவை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே உண்மையிலேயே குளிராக இருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

“வாங்கோ மச்சான், வாங்கோ!” இன்ஸாப் எழும்பி நின்றான். “இருங்கோ.”

“இருக்க வரல்ல. விசா வந்திட்டுது. என்ட கடையிலதான் திறந்தது.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“பிறின்டும் அங்கதான்.”

“சந்தோசம்.”

“கலர்ல.”

“மாஷா அல்லாஹ்.”

சொல்ல வந்தது முடிந்துவிட்டது. சொல்லவேண்டியது மிச்சமிருந்தது. பக்கீர் அவர்கள் மீன் தொட்டியைப் பார்த்தார். ஒரு மீன் அவரைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அவரும் அதையே செய்துகொண்டிருந்தார்.

“மாப்பா, மச்சான்?” என்றான் இன்ஸாப் மெதுவாக.

“ஓம். நான் ஏதும்... பாத்ததில, பேசினதில...”

“நீங்கள்தான் எனக்கு மாப்புத் தரவேணும்.” இன்ஸாப் தலையைக் குனிந்துகொண்டான். “மௌலவி ஹசதைப் பத்திப் பேசக்குள்ள நீங்கள் திரும்பித் திரும்பி என்னைப் பாத்தீங்க. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிட்டு எண்டு எனக்கு விளங்கிட்டுது.”

“என்ன தெரிஞ்சிட்டு?”

“எனக்கு உங்களில ஹசதுதான். உள்ளதைச் சொல்றன். அந்தக் கோட், மச்சான்! நானும் எவ்வளவோ பாடுபட்டன். நான் போட்டா கழுத்து ஒரு பக்கம், கோட் ஒரு பக்கம். ஆக்கள் இஞ்ச வந்து பைலைத் திறந்திட்டு, ‘போட்டோ பக்கீர் நானாட்ட’ எண்டு சொல்லிப்போட்டுப் போறாங்க. நான் இந்தக் கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டே இருப்பன். மூடி துடைக்கிற மாதிரி நிண்டு நீங்கள் சிரிச்சுக்கொண்டு இருப்பீங்க.”

பக்கீர் அவர்களின் வாழ்க்கையில் இப்படி ஒரு வசனத்தை யாரும் அவரிடம் சொன்னதில்லை. உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது. ஏசியை விட நல்ல குளிர்ச்சி. ஒருவன், அதுவும் கத்தார் கண்டவன், அவரைப் பார்த்து எரிந்திருக்கிறான்! அதே கணத்தில், எரிவதற்குக் காரணமான கோட் இன்று பகல் காலமாகிவிட்டது என்ற நினைவும் வந்தது. அந்தச் செய்தி இன்னும் றோட்டைக் கடக்கவில்லை. பக்கீர் அவர்கள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

“மாப்பு,” என்றார் பெருந்தன்மையாக. “முழு மாப்பு.”

“அப்ப ஒரு உதவி, மச்சான். எனக்குப் பொண்ணு பாக்கிறாங்க. ராத்தா சொல்லல்லையா? பயோடேட்டாவுக்குப் போட்டோ வேணும். நீங்கள் உம்ராவுக்குப் போயிட்டா யாரிட்டப் போறது? எனக்கும் ஒரு கோட் போட்டுத் தாங்கோ.”

இல்லை என்று சொல்லலாம். கோட் இல்லை என்று சொல்லலாம். இன்ஸாப் விழிகள் விரியக் காத்துக்கொண்டிருந்தான், பரீட்சை முடிவுக்கு வந்து நின்ற பிள்ளைகளைப்போல. பக்கீர் அவர்கள் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். மறுபடி போட்டார்.

“வா,” என்றார்.

இன்ஸாப் தன் ஏசியை அணைத்துவிட்டு, கழுதையைச் சுற்றிக்கொண்டு, மச்சானின் பின்னால் போனான். பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்தான். பக்கீர் அவர்கள் படம் பிடித்தார். கொம்பியூட்டரின் முன்னால் இருந்து, முதுகால் திரையை மறைத்துக்கொண்டு, கடைசித் தடவை என்று மனதுக்குள் சொல்லி, திகதியைப் பின்னால் தள்ளினார். திரையின் மூலைக்கு முன்னால் பிளேன்டீக் கோப்பையை வைத்தார். மென்பொருள், எதுவுமே நடக்காததுபோல, மரியாதையாகக் கண்விழித்தது.

கோட்டுகள் வரிசையாக வந்தன. பழுப்பில் ஒன்று இருந்தது, தோள் தொங்கும், போட்டவன் யாராக இருந்தாலும் கல்யாணம் தள்ளிப்போகும். பக்கீர் அவர்களின் விரல் அதன்மேல் கொஞ்சநேரம் நின்றது. பின்னால் இன்ஸாப், “எது மச்சான் நல்லம்?” என்றான். விரல் நகர்ந்தது. தாம் உம்ராவுக்கு அணிந்த அதே கருநீலத்தை எடுத்துப் போட்டார். சிவப்பு டை கட்டினார். டையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரித்தார். மக்கா ஞாபகம் வந்து, நேராக்கினார்.

“மாஷா அல்லாஹ்,” என்றான் இன்ஸாப், கதிரையிலிருந்து எழும்பி வந்து. “இது நானா, மச்சான்?”

கோப்பைக்குப் பின்னால், இன்ஸாப் கடை திறப்பதற்கு முந்திய நாள் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அந்த நாளில் இன்ஸாப் மிகவும் அழகாக இருந்தான். பக்கீர் அவர்களே ஒத்துக்கொண்டார்.